கூரையைப் பார்க்காமல் வாங்கிய வீடு

வீடு பார்க்கப் போகிறவர்கள் முதலில் நிமிர்ந்து கூரையைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லியிருந்தாலும் நான் கேட்டிருக்க மாட்டேன். மதுரங்குளிச் சந்தியிலிருந்து உள்ளே போகும் கிரவல் பாதையில், அந்த வீட்டுக்கு முன்னால் ஓட்டோ நின்றதும் நான் இறங்கித் திரும்பிப் பார்த்தது நாங்கள் வந்த வழியைத்தான். பிரதான வீதி தெரிந்தது. கொழும்புக்குப் போகும் பஸ் ஒன்று ஹோர்ன் அடித்துக்கொண்டு போனது. நடந்தால் ஐந்து நிமிடம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடினால் மூன்று நிமிடம் என்று மனது தானாகவே கணித்துக்கொண்டது. தூக்கிக்கொண்டு ஓட என்னிடம் அப்போது கைப்பிள்ளை கிடையாது. என் ஒரே மகளுக்கு இருபது வயது.

பிறகு பின்பக்கம் போய்ப் பார்த்தேன். குசினியில் அடுப்புக்குப் பக்கத்துக் கதவைத் திறந்தால் ஒரு தென்னந்தோட்டம். அதைத் தாண்டினால் யாரோ கைவிட்டுப் போன இறால் பண்ணைக் குளங்கள், அதற்கும் அப்பால் கடல்நீர்க் களப்பு. முன்னால் ஒரு வழி, பின்னால் ஒரு வழி. எனக்குத் திருப்தியாகிவிட்டது. "லாத்தா, உள்ளுக்கு வந்து பாருங்களேன்" என்று தரகர் மூன்று தரம் கூப்பிட்ட பிறகு, அவருடைய மனம் நோகக் கூடாது என்று உள்ளே போனேன்.

பழைய ஓட்டுக் கூரை. நிமிர்ந்திருந்தால் ஏழெட்டு இடத்தில் வெளிச்சம் பொத்துக்கொண்டு விழுவது தெரிந்திருக்கும். என் கணவரும் நிமிரவில்லை. அவர் ஜன்னல் கம்பிகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருந்தார். இருபது வருடமாக யாருடையதோ ஒரு உப்பு லொறியை ஓட்டுகிறவர். உலகத்தில் எது கெட்டாலும் அவர் கண்ணுக்குத் தெரிவது துரு ஒன்றுதான். "கம்பியெல்லாம் உப்புக் காத்துல போயிட்டு" என்றார். அதைக் காட்டி விலையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டோம். கூரையைக் காட்டியிருந்தால் இன்னும் நிறையக் குறைத்திருக்கலாம். அந்தப் புத்தி அடைமழை தொடங்கிய பிறகுதான் வந்தது.

இது எங்கள் இருவருடைய மடத்தனம் மட்டும் என்று வெகு நாளாக நினைத்திருந்தேன். தொண்ணூறில் மன்னாரை விட்டு வந்தவர்கள் எல்லோரும் வீடு பார்க்கும் விதமே இதுதான் என்பதைப் பிறகு ஒரு பெண்ணைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கதைக்கு வருகிறேன்.

எனக்கு அதற்கு முன்பும் ஒரு வீடு இருந்தது. எங்கள் பக்கத்தில் பெண்பிள்ளை பிறந்தால் வாப்பாமார் அந்த வருடமே கல் சேர்க்கத் தொடங்கிவிடுவார்கள். வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளை அந்த வீட்டுக்கு வந்து சேருவார். மார்க்கத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்று வெள்ளிக்கிழமைகளில் பள்ளிவாசலில் பயான் பண்ணுவார்கள். பண்ணுகிறவரும் வீட்டோடுதான் கலியாணம் முடித்திருப்பார். எனக்குப் பத்தொன்பது வயதில் என் பெயருக்கு வீட்டின் உறுதிப் பத்திரம் எழுதி, நிக்காஹ் முடித்து, சாவியைக் கையில் தந்தார்கள். ஏழு மாதம் அந்த வீட்டில் இருந்தேன். சுவரின் சுண்ணாம்பு வாசம் முழுதாகப் போகுமுன்னே, முஸ்லிம்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று ஆயுதத்தோடு வந்த இயக்கக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். கடலால் வந்து கற்பிட்டியில் இறங்கியபோது எங்களிடம் இரண்டு பைகள் இருந்தன. ஒன்றில் அந்த உறுதி இருந்தது.

ஆக, காகிதப்படி நான் இருபத்து மூன்று வருடமும் வீட்டுக்காரிதான். படுத்தது என்னவோ முதலில் ஓலைக் கொட்டிலில், பிறகு தில்லையடிப் பக்கம் ஒரு புண்ணியவான் கொடுத்த நிலத்தில் கட்டிய இரண்டு அறைக் கல்வீட்டில். அந்தக் கல்வீட்டுச் சுவரில் நான் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. "நாளைக்குப் போற வீட்டுக்கு என்னத்துக்கு ஆணி?" என்பார் என் கணவர். எனக்கும் அது சரியென்றே பட்டது. கலண்டரை அலுமாரிக் கைப்பிடியில் கட்டித் தொங்கவிட்டோம். முகம் பார்க்கும் கண்ணாடி ஜன்னல் விளிம்பில் சாய்ந்து நின்று, காற்றில் விழுந்து விழுந்து உடைந்தது. நாலு கண்ணாடி வாங்கியிருப்பேன். நாளைக்குப் போகப் போகிறோம் என்றே மகள் பிறந்தாள், தவழ்ந்தாள், பள்ளிக்கூடம் போய் முடித்தும் விட்டாள். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுத்தே எனக்குக் கழுத்து வளைந்துவிட்டது.

யுத்தம் முடிந்ததும் மன்னாருக்குப் போய்ப் பார்த்தோம். கூரை இல்லை, கதவு இல்லை, நிலையைக்கூடப் பெயர்த்துக்கொண்டு போயிருந்தார்கள். நாங்கள் படுத்த அறைக்குள் ஒரு வேப்பமரம் நின்றது, நல்ல பருமனான மரம். உறுதி என்னிடம் இருக்கிறது, குடியிருப்பது அது. நான் விழுந்து அழுவேன் என்று பயந்து என் கணவர் ஒரு சோடாப் போத்தலை வைத்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். எனக்கு அழுகை வரவில்லை, அலுப்புத்தான் வந்தது. இந்த மரத்தை வெட்டி, கிணற்றை இறைத்து, திரும்பவும் ஓலையில் தொடங்கி, திரும்பவும் கல்லுக்கு வந்து சேர வேண்டும். மனிதருக்கு எத்தனை தரம்தான் முதலிலிருந்து தொடங்க முடியும்? வரும் வழியில், எலுவன்குளம் காட்டுப் பாதையில் பஸ் குலுங்கிக்கொண்டு வரும்போது, "இஞ்ச பாருங்க, இனி எங்கயாவது பழைய வீடு ஒண்டு வாங்கிட்டு இரிப்பம்" என்றேன். அடுத்த மாதத்திலிருந்து அவர் லொறி நிற்கும் இடமெல்லாம் விசாரிக்கத் தொடங்கினார். விசாரித்து, சேர்த்து, என் வளையல்களையும் விற்று, மதுரங்குளி வீட்டுக்கு வந்து சேர மூன்று வருடமாயிற்று.

வீட்டை விற்றவர் புத்தளத்துப் பழைய குடும்பத்து ஆள். அவருடைய வாப்பா கட்டிய வீடு அது. அவருக்குக் கொழும்பில் துணிக்கடை. சாவிகளைக் கடைப் பெயர் போட்ட ஒரு பொலித்தீன் பையில் போட்டு, ஏதோ மீன் வாங்கி வந்தவர்போலக் கொண்டுவந்தார்.

"நீங்க அகதி ஆக்களா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. எங்களை அப்படித்தான் சொல்லிப் பழக்கம்.

"ஓம். நாளையில இருந்து வீட்டுக்காரங்க" என்றேன்.

அவர் சிரித்தார். "எங்களுக்கும் அலுத்துட்டு தங்கச்சி. ஆருமே இரிக்காத வீட்டுக்கு வருசா வருசம் வரி கட்டுறது. நீங்க நல்லா இரிங்க."

உறுதி எழுதும் நொத்தாரிசின் காரியாலயத்தில்தான் பிரச்சினை தொடங்கியது. அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, பேனையைத் திறந்து, "புள்ளட முழுப் பேரைச் சொல்லுங்க" என்றார்.

"எந்தப் புள்ள?"

"உங்கட மகள். அவட பேருக்குத்தானே எழுதுற?"

"இல்ல. எண்ட பேருக்கு" என்றேன்.

என் கணவர் மேசையிலிருந்த கண்ணாடிக் குண்டை எடுத்து உருட்டத் தொடங்கினார். "நாளைக்கு மகளுக்குக் கலியாணம் எண்டு வந்தா இன்னொரு உறுதி எழுத வேணும். வீண் செலவு" என்றார் நொத்தாரிசு, சின்னப் பிள்ளைக்கு மருந்து கொடுக்கும் பொறுமையோடு.

"வந்தாப் பாப்பம்" என்றேன்.

பஸ்ஸில் வரும்போது என் கணவர் வாயைத் திறந்தார். "ஊர் என்ன கதைக்கும் தெரியுமா?"

"எந்த ஊர்?" என்று கேட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அதற்கு மேல் அந்தக் கதையை அவர் எடுக்கவில்லை. கோபமாக இருந்தாரா, வெட்கமாக இருந்ததா என்று நானும் கேட்கவில்லை.

எனக்கு என் மகள்மேல் அன்பில்லை என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அவளுக்காகத்தான் இத்தனை வருடம் மெஷின் மிதித்தேன். ஆனால் ஒரு வீட்டில், இது என்னுடையது என்ற நினைப்போடு வயதாக வேண்டும் என்று எனக்கு ஆசை. பத்தொன்பது வயதில் தந்த வீட்டில் வாழக் கிடைக்கவில்லை. வாழ்ந்த வீடு என்னுடையதாக இல்லை. ஒரே ஒரு தரம் இரண்டும் ஒன்றாகச் சேர வேண்டும் என்று கேட்டேன். அதைப் பேராசை என்று சொன்னவர்கள் என் உறவிலேயே இருந்தார்கள்.

குடிவந்த அன்று பல்ப் வாங்குமுன்னே ஆணி வாங்கினேன். ஒரு முழுப் பெட்டி. பிஸ்மில்லாஹ் சொல்லிக் கலண்டருக்கு ஒன்று, கண்ணாடிக்கு ஒன்று, என் துணி வெட்டும் கத்தரிக்கோலுக்கு ஒன்று, எதற்கென்றே தெரியாமல் நடுச் சுவரில் ஒன்று அடித்தேன். பழைய சாந்து பொலபொலவென்று உதிர்ந்தது.

"பாத்து அடி, சுவர் வெடிக்கப் போகுது" என்றார் என் கணவர்.

"எண்ட சுவர். வெடிச்சா வெடிக்கட்டும்" என்றேன். என் வாழ்நாளில் அவ்வளவு திமிராக நான் வேறெதையும் சொன்னதில்லை. மகள் சிரித்துச் சிரித்துத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

அந்தத் திமிர் ஐப்பசி மழை வரைக்கும் இருந்தது. முதல் மழையன்று மூன்று வாளி வைத்தோம். இரண்டாம் மழைக்கு வாளி போதாமல் சட்டிகளை எடுத்தேன். மூன்றாம் மழைக்குப் பிறகு வீட்டுச் சாமான்கள் எங்கே இருக்க வேண்டும் என்பதை நாங்கள் தீர்மானிக்கவில்லை. ஒழுகாத இடம் எதுவோ அங்கே கட்டில், ஒழுகாத மற்ற இடத்தில் தையல் மெஷின். அலுமாரி கதவுக்குக் குறுக்கே நின்றது. பக்கவாட்டில் நுழைந்துதான் அறைக்குள் போக வேண்டும்.

மழை விட்டதும் தச்சு வேலை செய்யும் பாஸ் ஒருவரைக் கூட்டிவந்தோம். சிலாபத்துப் பக்கத்து ஆள், சிங்களமும் தமிழும் கலந்து பேசுவார். ஏணியில் ஏறி, ஓட்டைத் தாங்கும் கைமரத்தைத் தட்டித் தட்டிக் கேட்டார், டொக்டர் நெஞ்சைத் தட்டுகிறமாதிரி. இறங்கி வந்து, "அக்கா, வாங்கேக்க மேல பாக்கல்லயா?" என்றார்.

"ரோட்டைப் பாத்தன்" என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. விளங்கப்படுத்தவும் எனக்குத் தெம்பில்லை. பாதிக் கைமரங்களைக் கறையான் தின்றிருந்தது. அவற்றை முழுதாக மாற்றும் வசதி எங்களுக்கு வரவேயில்லை. அந்த வருடம் அறையின் மேல் பகுதி, அடுத்த வருடம் நடு மண்டபத்தில் பாதி. இந்தப் பக்கம் அடைத்தால் அந்தப் பக்கம் ஒழுகியது. கோடையில் கச்சான் காற்று அடித்தால் ஓட்டு இடுக்குகளால் மண்ணும் உப்பும் இறங்கிச் சோற்றில் நறநறக்கும். சொந்த வீட்டுக்கு இவ்வளவு வேலை இருக்கும் என்று எனக்கு முன்னமே தெரிந்திருந்தால் வாங்கியிருப்பேனா என்று சில நாட்கள் யோசித்ததுண்டு. வாங்கியிருப்பேன். ஆனால் முதுகுவலித் தைலத்தையும் சேர்த்து வாங்கியிருப்பேன்.

இரண்டு வருடம் இப்படிப் போனது. இதற்குள் மகளுக்குக் கலியாணப் பேச்சு வரத் தொடங்கியது. முதலாவது இடம் வந்து, பெண்ணைப் பிடித்தது என்றார்கள். வீடு யாருடைய பெயரில் என்று கேட்டார்கள். என் பெயரில் என்றேன். தேநீர் குடித்துவிட்டுப் போனார்கள். இரண்டாவது இடத்தில் தேநீர் குடிக்கவும் இல்லை.

அதற்குப் பிறகு ஒரு நாள், நான் மெஷினில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது மகள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் அதிகம் பேசுகிறவள் இல்லை.

"உம்மா, எனக்கு வீடு வேணாம். சத்தியமா வேணாம். ஆனா வீடு இல்லாட்டி நானும் வேணாம் எண்டு சொல்றாங்களே, அதுக்கு நான் என்ன செய்ற?"

ஊசியின் கண்ணில் நூல் போகவேயில்லை. அவள்தான் வாங்கிக் கோத்துத் தந்தாள். அன்றைக்கு என்மேல் எனக்கே வெறுப்பு வந்தது. அதே நேரம் ஆணிகள் அடித்த அந்தச் சுவரைப் பார்த்தேன், அதை விட்டுக்கொடுக்கவும் மனம் வரவில்லை. இரண்டும் உண்மை. எதை மறைத்துச் சொன்னாலும் பொய்யாகிவிடும்.

மூன்றாவதாக வந்தவர்கள் எங்களைப்போலவே மன்னார்ப் பக்கத்திலிருந்து வந்து, கற்பிட்டி வீதியோரம் குடியிருந்தவர்கள். பையன் புத்தளம் டவுனில் ஒரு இரும்புக் கடையில் வேலை. மகளுக்குப் பிடித்திருந்தது. அவள் சொல்லவில்லை, ஆனால் அவர்கள் வரும் அன்று காலையில் தானாகவே எழும்பி முற்றம் கூட்டினாள். நிக்காஹுக்கு முன்னால் வீடு பெண் பெயருக்கு மாற வேண்டும் என்று தரகர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். நான் ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. ஒழுகிய கறையை மறைக்க, கஃபாவின் படம் போட்ட ஒரு விரிப்பை மண்டபச் சுவரில் தொங்கவிட்டேன். வாளிகளைக் கட்டிலுக்கடியில் தள்ளினேன்.

பையனின் உம்மாவும் அவருடைய தம்பியும் வந்தார்கள். தம்பிதான் பேச வந்தவர். அவர் என் கணவரோடு மண்டபத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அந்த உம்மா உட்காரவில்லை. என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும், மெலிந்த ஆள், ஒரு காலைச் சற்று இழுத்து நடந்தார்.

"வீட்டைப் பாக்கலாமா?" என்றார்.

"பாருங்க லாத்தா."

இனிக் கூரையைப் பார்க்கப் போகிறார், மானம் போகப் போகிறது என்று நின்றேன். அவர் வாசலுக்குப் போய்த் திரும்பி நின்று, "மெயின் ரோட்டுக்கு எவ்வளவு நேரம்?" என்று கேட்டார்.

"நடந்தா அஞ்சு நிமிசம்."

"பின்னால வழி இரிக்கா?"

குசினிக்குக் கூட்டிக்கொண்டு போய்ப் பின்கதவைத் திறந்து காட்டினேன். தென்னந்தோட்டத்தையும் அதற்கப்பால் களப்பையும் அவர் வெகு நேரம் பார்த்தார். பிறகு அறைகளுக்குள் போனார், கதவுகளின் தாழ்ப்பாளைப் போட்டுப் பார்த்தார். ஒரு தரம்கூடத் தலையை நிமிர்த்தவில்லை.

குசினி வாங்கில் உட்காரச் சொல்லிப் பிளேன்டீ ஊற்றிக் கொடுத்தேன். அவர் ஒரு மிடறு குடித்துவிட்டு, "உங்களுக்கும் அங்க வீடு இருந்திச்சா?" என்றார்.

"ஓம். ஏழு மாசம் இருந்தன்."

"நான் நாலு வருசம்" என்றார். ஒரு மூத்தவர் இளையவளுக்குச் சொல்லும் தோரணை அதில் இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அவருக்கும் வந்தது. அந்தச் சிரிப்பில் எனக்குத் தைரியம் வந்து, "லாத்தா, ஒண்டு சொல்லிப் போடுறன். கூரை ஒழுகும்" என்றேன்.

அவர் அப்போதுதான் முதல் தரமாக நிமிர்ந்து பார்த்தார். "அல்லாஹ்! நான் மேல பாக்கவே இல்லயே."

"நானும் வாங்கேக்க பாக்கல்ல."

சிரித்து முடிந்த பிறகு அவர் கோப்பையைக் கீழே வைத்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்ட எழுதித் தர உங்களுக்கு மனமில்ல எண்டு தரகர் சொன்னாரு. நான் வேணாம் எண்டு சொல்ல ஏலாது. எண்ட வீட்டுல இன்னும் கலியாணம் முடிக்காத ரெண்டு குமர் இரிக்கு. மகன் பொண்டாட்டியக் கூட்டிக்கொண்டு வர எடமில்ல. வீடு எழுதித்தான் ஆகணும்."

இவ்வளவு நேரம் எங்கள் ஆள் என்று நினைத்தவர் திடீரென்று மாப்பிள்ளையின் உம்மாவாகிவிட்டார் என்று கோபம் வந்தது.

"ஆனா ஒண்டு செய்ங்க" என்றார். "நீங்க உசிரோட இரிக்கிற காலம் வரைக்கும் இந்த வீட்டுல உங்களுக்கு உரித்து எண்டு உறுதியில ஒரு வரி போடுங்க. சீவிய உரித்து எண்டு சொன்னா நொத்தாரிசுக்கு விளங்கும். எண்ட தம்பி குறுக்க கதைப்பான். நான் சொன்னதெண்டு காட்டிக்கொள்ளாதீங்க."

"ஏன் லாத்தா எனக்கு இதச் சொல்றீங்க?"

அவர் சேலைத் தலைப்பால் கோப்பையின் விளிம்பைத் துடைத்தார். "இப்ப நாங்க இரிக்கிற வீட்ட மூத்த மகளுக்கு எழுதேக்க நான் அதப் போடல்ல. பெத்த புள்ளையோட என்ன கணக்கு எண்டு நெனச்சன். இப்பயும் அவளோடதான் இரிக்கன். நல்ல புள்ள. மருமகனும் தங்கமான ஆள். ஒரு கொறையும் இல்ல. ஆனா ஜன்னலத் துறக்க முந்தி அவள்ட மொகத்த ஒரு தரம் பாத்துட்டுத்தான் துறக்கன்."

மண்டபத்திலிருந்து அவருடைய தம்பி கூப்பிட்டார். அவர் எழும்பிக் காலை இழுத்துக்கொண்டு போனார். நான் அந்தக் கோப்பையை உடனே கழுவவில்லை.

அந்த வரியோடு வீட்டை மகளுக்கு எழுதிக் கொடுக்க அதே நொத்தாரிசிடம்தான் போனோம். அவர் எதையும் குத்திக்காட்டவில்லை. உறுதியைச் சத்தமாக வாசித்தார். எல்லைகள், ஓட்டு வீடு, கிணறு, மரங்கள். இரண்டாம் பக்கத்தின் கீழே என் பங்குக்கு ஒரு வரி இருந்தது. மாப்பிள்ளையின் மாமா அதைக் கேட்டதும் நெற்றியைச் சுருக்கி, "இதெல்லாம் என்னத்துக்கு? புள்ள உம்மாவத் துரத்தவா போகுது?" என்றார். பையனின் உம்மா தரையைப் பார்த்தபடி, "எழுதினா எழுதிட்டுப் போகட்டும்" என்றார். அவ்வளவோடு அது முடிந்தது.

நான் கையெழுத்து வைத்தேன். கொடுப்பதை ஏற்றுக்கொள்வதாக மகளும் வைக்க வேண்டும். அவள் வைத்து முடித்துப் பேனையை என்னிடம் நீட்டி, "மன்னிச்சிருங்க உம்மா" என்றாள். என்னத்துக்கு மன்னிப்பு என்று அதட்டினேன். கண்ணீர் வந்துவிடும் என்றுதான் அதட்டினேன்.

கலியாணம் நல்லபடியாக நடந்தது. மருமகன் குணமான பையன். முதல் மழைக்கே தானாகக் கூரையில் ஏறி, கடையிலிருந்து கொண்டுவந்த தகரத்தை ஓட்டுக்கு அடியில் செருகி, மண்டபத்து ஒழுக்கை நிறுத்திவிட்டான். நாங்கள் இரண்டு வருடம் வாளியோடு பட்ட பாட்டை அவன் ஒரு பின்னேரத்தில் முடித்தான். என் கணவர் கீழே நின்று ஏணியைப் பிடித்தபடி, "எனக்கு இது தோணல்லயே" என்று சொல்லிச் சொல்லி மாய்ந்தார். நாங்கள் இருவரும் பின்னறைக்கு மாறிக்கொண்டோம். யாரும் மாறச் சொல்லவில்லை. புதுச் சோடிக்கு முன்னறைதானே சரி. மெஷினையும் பின்னால் கொண்டுபோனேன். கஃபா விரிப்பைக் கழுவி மடித்து வைத்தாள் மகள். கறை இல்லாத சுவருக்கு அது தேவைப்படவில்லை.

எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. சொல்வதற்கு ஒரு குறையும் இல்லை.

கலியாணத்துக்கு யாரோ தந்த மணிக்கூடு ஒன்று பெட்டி பிரிக்காமல் கிடந்தது. ஒரு நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு, அதை மண்டபத்தில் மாட்டலாம் என்று நினைத்தேன். என் ஆணிப் பெட்டியில் இன்னும் பாதிக்கு மேல் மிச்சம் இருந்தது. கதிரையில் ஏறி, நல்ல இடமாகப் பார்த்து, ஆணியைச் சுவரில் வைத்தேன். சுத்தியலை ஓங்கிய கை அப்படியே நின்றது. ஏன் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை. என் வாய் தானாகத் திறந்தது.

"மகள், இதில ஒரு ஆணி அடிக்கட்டா?"

அவள் குசினியில் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஓம் உம்மா. பாத்து அடிங்க, சுவர் வெடிச்சிரும்."

நான் மெதுவாக அடித்தேன்.